அப்பாவின் ஆய்வுக் கட்டுரைகள்

என் அப்பா சேதன இரசாயனத்தில் உலகம் அறிந்த ஆராய்ச்சியாளர். குறிஞ்சா இலையில் நீரிழிவுக்கு மருந்து தேடுகிறவர்கள் பிரேசிலிலும் ஈரானிலும் அவருடைய பெயரை மேற்கோள் காட்டிவிட்டுத்தான் தங்கள் கட்டுரையைத் தொடங்குகிறார்கள். இவ்வளவுக்கும் அவர் வாழ்நாளில் ஒரு சோதனைக்குழாயைக் கையால் தொட்டதில்லை. ஊர் ஊராகத் தபாலதிபராக இருந்து, கடைசியில் வல்வெட்டித்துறையில் முத்திரை குத்தி ஓய்வுபெற்றவர். இப்போது மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் எங்களோடு இருக்கிறார். சோதனைக்குழாயைத் தொட்டவன் நான். உடைத்தவனும் நான்தான். ஆனால் உலகத்துக்கு என்னைத் தெரியாது.

இது எப்படி நடந்தது என்று தமிழ் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. அப்பாவின் பெயர் முன்னால், என் பெயர் பின்னால். அவ்வளவுதான் எங்கள் வம்ச வரலாறு. வெள்ளைக்காரனுக்கு இருப்பதுபோல ஒரு குடும்பப் பெயர் எங்களுக்கு இல்லை. முதல் சில கட்டுரைகளில் அப்பாவை ஒரு எழுத்துக்குள் அடக்கி, என் பெயரை முழுதாக எழுதினேன். அவை பிழைத்துக்கொண்டன. பிறகு சஞ்சிகைகள் எல்லாம் இணையத்துக்குப் போய், குடும்பப் பெயருக்கு ஒரு பெட்டி, சொந்தப் பெயருக்கு ஒரு பெட்டி என்று போட்டுவிட்டன. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன் அல்லவா, ஒரு பெட்டியையும் வெறுமையாக விடக்கூடாது என்று பழக்கியிருந்தார்கள். குடும்பப் பெயர் என்ற பெட்டியில் அப்பாவை முழுதாக இறக்கி வைத்தேன். சொந்தப் பெயர் என்ற பெட்டியில் நான் போய் உட்கார்ந்தேன். அச்சில் வரும்போது அப்பா முழுதாக வந்தார். நான் ஒரு எழுத்தாகச் சுருங்கி அவருடைய வாலில் தொங்கினேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. தொடர்புக்கு ஒரு மின்னஞ்சல் கேட்டார்கள். பல்கலைக்கழக மின்னஞ்சலின் கடவுச்சொல்லை நான் மாதத்துக்கொரு தடவை மறப்பவன். கனடாவில் இருக்கும் தங்கச்சியோடு கதைப்பதற்காக அப்பாவின் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறந்து, அவருடைய கைபேசியில் போட்டுக் கொடுத்திருந்தேன். அதன் கடவுச்சொல் எனக்கு மறக்காது. அது என்னுடைய பிறந்தநாள். அந்த முகவரியைக் கொடுத்துவிட்டு, பெரிய புத்திசாலித்தனம் செய்தவன்போல விசிலடித்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போனேன்.

அதற்குப் பிறகு கட்டுரை பற்றிய கடிதம் எல்லாம் அப்பாவுக்கு வந்தது. ஆரம்பத்தில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு காட்டுவதை நிறுத்திவிட்டார். சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தபடி அவ்வப்போது செய்தி மட்டும் சொல்லுவார்.

"நேற்று என்னைப் பிரேசிலிலை ஒருத்தன் மேற்கோள் காட்டியிருக்கிறான்."

"உங்களை இல்லையப்பா, என்னை."

"என்ரை பேர்தான் கிடக்குது. வேணுமெண்டால் வந்து பார்."

ஒரு சஞ்சிகை, நான் பிறருடைய கட்டுரைகளை மதிப்பிட்டுக் கொடுத்ததற்காக, தங்க நிறக் கரை போட்ட ஒரு சான்றிதழை வீட்டு முகவரிக்கே அனுப்பியது. சம்பளம் கொடுக்காதவர்கள் சான்றிதழ் கொடுப்பார்கள். அதில் அப்பாவின் பெயர் முத்து முத்தாக இருந்தது. அப்பா அதைச் சந்திக் கடைக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார். வீடு சந்திக்க வந்த போதகர் அதைப் பார்த்தார். அடுத்த ஞாயிறு ஆராதனையில், "முதிர்ந்த வயதிலும் வைத்திய ஆராய்ச்சியில் எங்கள் சபைக்குப் பெருமை தேடித் தந்திருக்கிற ஐயாவுக்காக" ஒரு ஸ்தோத்திர ஜெபம் சொன்னார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார், தாழ்மையாம். பக்கத்திலிருந்த எனக்குச் சிரிப்பை அடக்கி அடக்கி வயிறு நொந்தது. மனைவி முழங்கையால் இடித்தார். இதைவிடப் பெரிய பகிடி வாழ்க்கையில் வராது என்று நினைத்தேன்.

வந்தது. பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பம் கேட்டார்கள்.

அந்தப் பதவிக்கு நான் என்ன செய்திருக்கிறேன் என்று ஒரு சொல் சொல்லவேண்டும். குறிஞ்சா இலையைக் காய வைத்து, இடித்து, எதனோலில் ஊற வைத்து, வடித்து, கரைப்பானை ஆவியாக்கி, மிஞ்சும் பச்சைக் களியைக் கண்ணாடிக் குழாய்க்குள் மணலும் சிலிக்காவும் போட்டுத் துளித்துளியாகப் பிரித்தால், கடைசியில் ஒரு குண்டூசித் தலையளவு வெள்ளைத் தூள் வரும். அந்தத் தூள் மாப்பொருளைச் சீனியாக்கும் நொதியைச் சோதனைக்குழாய்க்குள் கொஞ்சம் தாமதப்படுத்தும். மனிதருக்குள் என்ன செய்யும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். அந்தத் தூளின் மூலக்கூற்றில் ஒரு மூலையைக் கழற்றி வேறொரு மூலையைப் பூட்டி, மறுபடியும் சோதித்து, மறுபடியும் எழுதுவேன். ஒவ்வொரு கட்டுரையும் "மேலும் ஆய்வுகள் தேவை" என்று முடியும். அதுதான் அடுத்த கட்டுரைக்கான அத்திவாரம். இப்படி என் இளமை முழுக்க ஒரு இலையைச் சுற்றி வந்திருக்கிறேன். ஆட்டுக்கும் எனக்கும் வித்தியாசம், ஆடு கடைசியில் இலையைத் தின்னும்.

விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழக நிர்வாகக் கந்தோருக்குப் போனேன். உதவிப் பதிவாளர் ஒரு பெண். கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"சேர், உங்கடை பட்டியல் சரி. ஆனா இப்ப புது நடைமுறை. சர்வதேசத் தரவுத்தளத்திலை உங்கடை பக்கத்தை எடுத்து அப்பிடியே தாளிலை பதிஞ்சு தரோணும். நாங்கள் கையாலை எழுதினதைப் பார்க்கிறேல்லை."

"அதுக்கென்ன, எடுங்கோ மிஸ்," என்று கதிரையில் சாய்ந்தேன். சாய்ந்தது பிழை.

என் பெயரைத் தட்டினார். ஆரம்ப காலக் கட்டுரைகள் சில வந்தன. பிறகு ஒன்றுமில்லை. திரையைப் பார்த்தால், அந்த மனிதர் இளம் வயதிலேயே காலமாகிவிட்டார்போல இருந்தது.

"மிச்சம் எங்கை சேர்?"

"கீழை இருக்கும்."

"கீழை ஒண்டுமில்லை. இந்தா, இவர் ஆர்? உங்கடை துறை, உங்கடை இலை. எக்கச்சக்கம் எழுதியிருக்கிறார்."

"அது... அப்பா."

உதவிப் பதிவாளர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்கடை அப்பாவும் பேராசிரியரோ சேர்? சொல்லவேயில்லை!"

எனக்குப் பதற்றம் வந்தால் முதலில் காது சூடாகும். பிறகு பசிக்கும். வெளியே வந்து வாசலில் இருந்த கடையில் வாழைப்பழமும் சீனியும் பிசைந்து பொரித்த வாய்ப்பன் ஒன்றை வாங்கி நின்ற நிலையில் தின்றேன். தின்னத் தின்ன என் எதிர்காலம் தெளிவாகத் தெரிந்தது. விண்ணப்பம் முடியும் நாள் வெள்ளிக்கிழமை. அதற்குள் இரண்டு பக்கங்களையும் ஒன்றாக்காவிட்டால், தெரிவுக் குழுவின் கண்ணில் நான் முன்னொரு காலத்தில் ஏதோ எழுதிவிட்டு நித்திரையானவன். அடுத்த தடவை விண்ணப்பம் கேட்கும்போது நான் ஓய்வுபெறும் வயதுக்குப் பக்கத்தில் நிற்பேன். என்னிடம் படித்தவர்கள் எனக்கு முன்னால் பேராசிரியர் ஆவார்கள். அவர்களுக்கு நான் பூமாலை போடவேண்டும். அந்தப் பூமாலைக்கு என்ன நிறம் என்பது வரைக்கும் யோசித்துவிட்டு இரண்டாவது வாய்ப்பனையும் வாங்கினேன்.

வீட்டில் மனைவிதான் வழி சொன்னார். வங்கியில் வேலை செய்பவர். பெயர் மாறிய ஆட்களைத் தினமும் காண்பவர்.

"இஞ்சேருங்கோ, ஒரு சத்தியக்கடதாசி முடிச்சால் போச்சு. முன்னுக்குப் பின் எழுதினாலும் ரெண்டும் ஒரே ஆள்தான் எண்டு. எத்தினை பேர் கொண்டு வருகினம்."

சமாதான நீதவானிடம் போய் முடித்தேன். முத்திரை, கையெழுத்து, எல்லாம் லட்சணமாக இருந்தது. நானும் நானும் ஒருவரே என்று இறைவன் சாட்சியாகச் சத்தியம் செய்திருந்தேன். அதைப் படம் பிடித்துத் தரவுத்தளக்காரருக்கு அனுப்பினேன். பதில் உடனே வந்தது, அதாவது மனிதர் எழுதாத பதில். உங்கள் ஆவணத்தை எங்களால் வாசிக்க முடியவில்லை. மற்றப் பக்கத்தின் உரிமையாளர் சம்மதித்தால் இரண்டையும் இணைக்கலாம். சம்மதம் கேட்டு அவருடைய மின்னஞ்சலுக்கு ஓர் இணைப்பு அனுப்பியிருக்கிறோம்.

அவருடைய மின்னஞ்சலுக்கு. விறாந்தையில் மணி அடித்ததுபோல அப்பாவின் கைபேசி 'டிங்' என்றது. களவாக நுழையலாம் என்று பார்த்தால், தங்கச்சி பாதுகாப்பு என்று சொல்லி எப்போதோ கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்திருந்தாள். இப்போது அது அவளுடைய பிறந்தநாள்கூட இல்லை.

போய் நின்றேன்.

"அப்பா, உங்கடை போனை ஒருக்காத் தாங்கோ."

"என்னத்துக்கு?"

"ஒரு மெயில் வந்திருக்கும். அதிலை ஒண்டை அமத்தோணும்."

"ஆருக்கு வந்த மெயில்?"

"உங்கடை பேருக்கு. ஆனா எனக்கு."

அப்பா கைபேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "உப்பிடித்தான் வல்வெட்டித்துறையிலை ஒருத்தன் வந்து நிண்டவன். தமையன்ரை பேருக்குப் பார்சல், ஆனா எனக்குத்தான் எண்டு."

"குடுத்தனீங்களோ?"

"நான் என்ன விசரனோ? தபால் ஆரின்ரை பேருக்கு வருதோ அவற்றை சொத்து. பெத்த தகப்பன் வந்தாலும் குடுக்கேலாது. மகன் வந்தால் சொல்லவே வேணும்?"

என் காது சூடாகியது. நிலைமையை விளக்கினேன். பதவி, வெள்ளிக்கிழமை, குழு, பூமாலை. அப்பா வடிவாகக் கேட்டார். தபாலதிபர்கள் முறைப்பாடு கேட்கும் முகத்தோடு கேட்டார்.

"அப்ப, நான் இதை அமத்தினால் என்ரை கட்டுரை எல்லாம் உனக்குப் போயிடும்."

"அது என்ரை கட்டுரை அப்பா!"

"போதகர் ஜெபம் பண்ணேக்கை நீ எழும்பிச் சொல்லேல்லையே. பல்லைக் காட்டிக்கொண்டெல்லோ இருந்தனீ."

மனைவி குசினியில் இருந்து சிரித்தது கேட்டது. அவர் எந்தப் பக்கம் என்று கல்யாணமான நாள் தொடக்கம் நான் கண்டுபிடிக்கவில்லை.

"சந்தையிலை மரக்கறிக்காரன்கூடக் கேக்கிறான், ஐயா இந்தக் குறிஞ்சா எப்பிடிச் சமைச்சால் நல்லதெண்டு. நான் என்ன சொல்லுறது அவனுக்கு? பறிச்சுப்போட்டாங்கள் எண்டோ?"

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"சுண்டச் சொன்னன். தேங்காய்ப்பூ கொஞ்சமாய்ப் போட்டு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மேலும் ஆய்வுகள் தேவை எண்டும் சொன்னன்."

நான் திடுக்கிட்டேன். "அது எங்கையிருந்து உங்களுக்கு?"

"எங்கையிருந்தோ? எல்லாத்தின்ரை கடைசியிலையும் அதைத்தானே எழுதி வைச்சிருக்கிறாய். என்ரை பேருக்கு வந்ததை நான் வாசிக்காமல் விடுறனானோ? இரசாயனம் விளங்கேல்லை. இங்கிலிசு விளங்குது. ஒண்டிலை நல்ல முடிவு வந்தது எண்டுறாய், அடுத்ததிலை அவ்வளவு நல்லாயில்லை எண்டுறாய், மூண்டாவதிலை ரெண்டையும் சேர்த்துப் பார்க்கோணும் எண்டுறாய். எப்பதான்ரா முடிப்பாய்? எனக்கும் சீனி வருத்தம், வயசும் போகுது."

என் கட்டுரைகளை முதலில் இருந்து கடைசிவரை வாசித்தவர் என்று இந்தப் பூமியில் ஒருவரும் இல்லை என்பதை நான் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டேன். மதிப்பிட்டவர்கள் சுருக்கத்தை வாசித்தார்கள். மேற்கோள் காட்டியவர்கள் தலைப்பை வாசித்தார்கள். கூட எழுதியவர்கள் தங்கள் பெயர் இருக்கிறதா என்று வாசித்தார்கள். நானே சிலவற்றை அச்சில் வந்த பிறகு திறக்கவில்லை. வாசகர் ஒருவர் எங்கள் விறாந்தையிலேயே படுத்திருந்திருக்கிறார். அவர் முடிவு தெரியாமல் தவித்துக்கொண்டிருந்திருக்கிறார். இப்படி உருகி நின்றபோதுதான் வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. என் பதற்றத்துக்கு உருக்கத்தைவிட வேகம் அதிகம்.

"அப்பா, கெதியா முடிப்பன். முதல்லை இதை அமத்துங்கோ."

"சரி. ஒழுங்காய்ச் செய்வம். பார்சல் எடுக்க வந்த ஆள்தானே நீ. அடையாள அட்டை?"

"அப்பா!"

"அடையாள அட்டை இல்லாமல் ஒண்டும் குடுக்கேலாது."

போய் மேசை லாச்சியைக் கிளறி எடுத்து வந்தேன். ஐம்பது தாண்டிய மனிதன், கலாநிதிப் பட்டம் பெற்றவன், பெற்ற தகப்பனிடம் அடையாள அட்டையை நீட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, முன்னும் பின்னும் திருப்பி, படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இதிலையும் என்ரை பேர்தானே முதல்லை நிக்குது."

மனைவிக்கு இந்த முறை சிரிப்பு அடங்கவில்லை. வாசலுக்கே வந்துவிட்டார். "மாமா, பாவம், குடுங்கோ. ரெண்டு நாளாய் மனிசன் வாய்ப்பனிலைதான் சீவிக்குது."

"வாய்ப்பனோ?" அப்பாவின் கண் விரிந்தது. "எனக்கு ஆரும் காட்டேல்லையே."

"உங்களுக்குச் சுகர்," என்றேன்.

"சுகருக்கு மருந்து கண்டுபிடிச்சவன் நான்."

பேரம் அரை வாய்ப்பனில் முடிந்தது. மருமகள் அதைக் கால் வாய்ப்பனாக்கினார். அப்பா அதை நிதானமாகத் தின்று, விரலை உடுத்திருந்த சாரத்தில் துடைத்து, கைபேசியைத் திறந்தார். நான் பக்கத்தில் மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றேன். சம்மதம் என்ற இடத்தை அமத்தினார். நல்லது. இன்னொரு பக்கம் திறந்தது. இரண்டு பெயர்கள் இருந்தன. மேலே, இவற்றில் உங்கள் பெயர் எது, அதைத் தெரிவுசெய்யுங்கள், என்று கேட்டிருந்தது.

"இல்லை இல்லை, பொறுங்கோ..." என்று நான் கையை நீட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

"என்ரை பேர் ஏதெண்டு கேக்குது. என்ரை பேர் எனக்குத் தெரியாதோ?"

அரசாங்க சேவையில் ஒருநாளும் பொய் எழுதாத மனிதர். கேட்டதற்கு உண்மையைச் சொன்னார். கட்டுரைகள் எல்லாம் ஒன்றாயின. ஆரம்ப காலத்தில் என் பெயரில் பிழைத்து நின்ற சிலவும் போய் அவரோடு சேர்ந்துகொண்டன. இப்போது உலகத்தில் ஒரே ஒரு ஆராய்ச்சியாளர்தான் இருந்தார். அது நான் இல்லை. மாற்றவேண்டுமானால் விண்ணப்பிக்கலாம், பரிசீலிக்கச் சில வாரங்கள் எடுக்கும் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

அன்று பின்னேரம் நான் செய்த கூத்துகளைச் சபையில் சொல்லமுடியாது. அப்பாவின் பெயரையே என் பெயராகச் சட்டப்படி மாற்றினால் என்ன என்று யோசித்தேன். பிறகு அப்பா என்ன செய்வார் என்று யோசித்தேன். வேலையை விட்டுவிட்டு மயிலிட்டியில் மீன் வாங்கி விற்கலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "மீனுக்குப் பேர் எழுதத் தேவையில்லைத்தான்," என்றார். கடைசியில், வேறு வழியில்லாமல், அப்பாவின் பெயர் பெரிதாக இருந்த பக்கத்தை அப்படியே பதிந்து, மேலே சத்தியக்கடதாசியைக் குத்தி, வெள்ளிக்கிழமை கொடுத்தேன். உதவிப் பதிவாளர் வாங்கிப் பார்த்தார். "அப்பாவோ விண்ணப்பிக்கிறார் சேர்?" என்று கேட்டார். ஓம் என்றுதான் சொல்ல வாய் வந்தது.

நேர்முகத்தில் குழுத் தலைவராக இருந்தவர் பொலிமர் இரசாயனத்தில் பெரிய ஆள். தாளைத் தூரத்தில் பிடித்து வாசித்தார். மற்ற இருவரும் மேசையைப் பார்த்தார்கள். என் காது இரண்டும் கொதித்தன. வாசலுக்கு வெளியே பசி காத்து நின்றது.

"இந்தப் பேர்...?"

"அப்பா, சேர். போஸ்ட்மாஸ்டராய் இருந்தவர்."

தலைவர் தாளைக் கீழே வைத்தார். ஒரு பெருமூச்சு விட்டார். "என்ரை அப்பா புன்னாலைக்கட்டுவனிலை தோட்டம் செய்தவர். வெங்காயத்திலை விண்ணன். உலகம் இப்பவும் அவரைப் பொலிமர் நிபுணர் எண்டுதான் நினைக்குது. போன மாதம்கூட ஜேர்மனிக்கு வாங்கோ எண்டு கூப்பிட்டவங்கள். மனுசன் செத்துப் பன்னிரண்டு வருசம்."

மற்ற இருவரில் ஒருவர் மெதுவாக, "எங்கடை அப்பாவும்..." என்று தொடங்கி, இருமலாக்கிவிட்டார். அதற்குப் பிறகு குறிஞ்சா பற்றிக் கேட்டார்கள். மூலக்கூற்றின் எந்த மூலையை ஏன் மாற்றினேன், ஏன் ஒன்று நன்றாக வேலை செய்தது, அடுத்தது செய்யவில்லை என்று குடைந்தார்கள். அப்பா கேட்ட அதே கேள்விகள். அவருக்குச் சொல்லிப் பார்க்காததால் தடுமாறித் தடுமாறித்தான் சொன்னேன். எப்போது முடிப்பீர்கள் என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை. அவர்களும் ஆராய்ச்சியாளர்கள்.

முடிவு பதிவுத் தபாலில் வந்தது. நான் படலையடியில்தான் நின்றேன். தபால்காரர் கையெழுத்துப் புத்தகத்தை எனக்கு நீட்ட, விறாந்தையில் இருந்து குரல் வந்தது.

"தம்பி, ஆரின்ரை பேர் கிடக்குது எண்டு வாசியும்."

தபால்காரர் வாசித்தார். எங்கள் முறைப்படி அப்பா முன்னால், நான் பின்னால்.

"அப்ப முதல்லை இஞ்சை கொண்டு வாரும்."

என்னைக் கடந்து கடிதம் போயிற்று. அப்பா கையெழுத்துப் போட்டார், உறையின் ஓரத்தை ஒரு நூல் அகலத்துக்குக் கிழித்தார், கண்ணாடியைத் தேடினார், போட்டார், வாசித்தார். முதல் பக்கத்தை முடித்து இரண்டாம் பக்கத்தையும் வாசித்தார். அந்தக் கடிதம் அவ்வளவு நீளமானது என்று பிறகு பார்த்தபோது எனக்குத் தோன்றவில்லை. நான் படலையைப் பிடித்தபடியே நின்றேன்.

"கிடைச்சிட்டுது," என்றார்.

"உண்மையாவோ?"

"ஓம். எனக்கு." கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாய் கோணியது, சிரிப்புத்தான். "உனக்கும் சேர்த்துத்தான்ரா. இந்தா, பிடி. அடையாள அட்டை பேந்து காட்டு."

நான் வாங்கி வாசித்துக்கொண்டிருக்க, அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "பிள்ளை, பேராசிரியருக்கு ஒரு தேத்தண்ணி. இண்டைக்கு ஒரு கரண்டி சீனி போடலாம்."

மனைவி சீனி போடாத தேத்தண்ணியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

"மேலும் ஆய்வுகள் தேவை, மாமா."

எனக்கு வந்ததில் இரண்டு கரண்டி இருந்தது. அவருக்கு முன்னால் குடிக்கக் கூச்சமாக இருந்ததால், குசினிக்குள் போய் நின்று குடித்தேன்.